பவழச் சரட்டில் இரண்டு விரல்

ஆம்பூர்
18-6-1933

தங்கை அமிர்தவள்ளிக்கு அண்ணன் தனகோடி வாயால் சொல்ல, தோல் ஷாப்பு குமாஸ்தா ஜியாவுல்லா சாயபு கையால் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பரந்தாமனும் தங்கவயலில் சுகமாக இருக்க வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. மூன்று வருஷமாக என் கழுத்தில் குடியிருந்த கழலையை வேலூர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டார்கள். மே மாதம் முப்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. முதலில் நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. போன தீபாவளிக்குப் பிறகு களி இறங்கவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்தது. ஆறு மாதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

துரை டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார்: "பெரியவரே, இது சும்மா கழலை இல்ல, புத்து. எடுத்துட்டா கொஞ்ச காலம் நல்லா இருப்பே. உட்டா மூச்சை அடைச்சிடும்."

"கொஞ்ச காலம்னா எவ்ளோ?" என்று கேட்டேன்.

"அது ஆண்டவன் கையில."

"அப்ப எடுத்துடுங்க. அவரு இதுவரைக்கும் எனக்கு ஜாஸ்தியாத்தான் அளந்திருக்காரு" என்றேன். கம்பவுண்டர் சிரித்துவிட்டார்.

இப்போது கழுத்தின் குறுக்கே ஒரு தழும்பு ஓடுகிறது. இப்படி ஒரு கத்திக் கீறலோடு தோல் வந்தால், நானே தடவிப் பார்த்து மூன்றாம் தரம் என்று தள்ளியிருப்பேன். பரவாயில்லை, மூன்றாம் தரத் தோலையும் யாராவது காலில் போட்டு நடக்கத்தான் செய்கிறார்கள். வலி கம்மி. குரல் முன் மாதிரியே இருக்கிறது. முதலாளி வாஹித் பாஷா இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள் அமிர்தம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

தனகோடி
(கைநாட்டு)


சாம்பியன் ரீப், தங்கவயல்
1-7-1933

அண்ணாவுக்கு அமிர்தம் விழுந்து கும்பிட்டு எழுதுவது. கடிதம் வந்தது. நின்றபடியே படித்து முடித்தேன். சாயபு அவர்களுக்கு என் வந்தனம்.

சுரங்கத்து வெடியில் கண் போன நாளிலிருந்து உங்கள் மாப்பிள்ளைக்கு என் வாய்தான் கடிதாசி, என் வாய்தான் வழி. உங்கள் கடிதத்தையும் உரக்கப் படித்துக் காட்டினேன். "உங்கண்ணன் கழுத்தை அறுத்தாக்கூட பேச்சை நிறுத்த மாட்டாரு" என்றார். சொல்லிவிட்டு வெகு நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சில சங்கதிகள் கேட்க வேண்டும். எச்சில் விழுங்கும்போது கழலை மேலே ஏறி இறங்கியதா? தொட்டால் வலித்ததா, கல் மாதிரி சும்மா இருந்ததா? அறுத்த பிறகு எத்தனை நாளில் தண்ணீர் குடித்தீர்கள்? குரல் முன் மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே அப்படியே இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் இளைத்துவிட்டேன், வளையல் முழங்கை வரை ஓடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
23-7-1933

அமிர்தத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம். இங்கே நல்ல மழை. உங்கள் பக்கமும் பெய்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கேள்விகளைப் படித்துவிட்டு சாயபு, "இன்னா தனகோடி, உன் தங்கச்சி டாக்டருக்குப் படிக்கிறாளா?" என்று கேட்டார். பதில் சொல்கிறேன். விழுங்கும்போது ஏறி இறங்கியது. தொட்டால் வலிக்காது, கல்தான். அறுத்த மறுநாள் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார்கள், நாலாம் நாள் கஞ்சித் தண்ணீர். அந்த முதல் மடக்கு தடையில்லாமல் உள்ளே போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தாறு வருஷமாக விழுங்குகிறேன், ஒரு நாளாவது அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேனா?

குரலுக்குக் கவலைப்படாதே. நான் "ரெண்டு!" என்று தரம் கூவினால் பாலாறு வரைக்கும் கேட்கிறது என்று முதலாளி திட்டுகிறார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் டாக்டரிடம் கழுத்தைக் காட்ட வேண்டும். அவர் விரலால் தடவுவது நான் தோல் தடவுவது மாதிரியேதான். எந்த இடத்தில் விரல் நிற்கிறதோ அங்கே பழுது இருக்கிறது என்று அர்த்தம். போன வாரம் போனேன். எங்கேயும் நிற்கவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

தனகோடி
(கைநாட்டு)


சாம்பியன் ரீப்
10-9-1933

அண்ணாவுக்கு வந்தனம். பதில் எழுதத் தாமதம். வேலை ஜாஸ்தி, வேறொன்றும் இல்லை. நாங்கள் சுகம்.

பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் கங்கம்மாள் ஆம்பூரில் மகளைப் பார்க்க வருகிறாள். அவளிடம் அம்மாவின் பவழச் சரட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நனைந்து நனைந்து நூல் இறுகிவிட்டது போலிருக்கிறது, பிடிக்கிறது. வேலூர் லாங் பஜாரில் அதே நிறத்தில் ஆறு பவழம் வாங்கிச் சேர்த்து நீளமாகக் கோர்த்துத் தரச் சொல்லுங்கள். அவசரம் இல்லை.

உங்கள் குரல் எப்படி இருக்கிறது?

அமிர்தவள்ளி


ஆம்பூர்
24-9-1933

அமிர்தத்துக்கு அண்ணன் எழுதச் சொன்னது.

கங்கம்மாள் சரட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்பது மணி. அம்மா உன் கழுத்தில் கட்டிய அன்றும் முப்பத்தொன்பதுதான். மாசி மாதம், வெள்ளிக்கிழமை. கட்டிவிட்டு அம்மா உள்ளே விரலை விட்டுப் பார்த்தது. இரண்டு விரல் போயிற்று. அப்போது நீ கன்னம் உப்பிய பெண்.

இப்போது வளையல் முழங்கை வரை ஓடுகிறது என்று நீயே எழுதினாய். நூல் இறுகினால் ஒரு மணி அளவு இறுகும், ஆறு மணி அளவு இறுகாது. கை இளைத்தவளுக்குக் கழுத்து மட்டும் எப்படிப் பெருக்கும்?

நீ கேட்ட கேள்விகளை எல்லாம் சாயபுவிடம் திரும்பவும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அம்மா கடைசி வருஷம் முழுக்க முந்தானையைக் கழுத்தைச் சுற்றியே போட்டிருந்தது. தலையை ஒரு பக்கம் திருப்பித்தான் கஞ்சி குடித்தது. குளிர் என்று சொல்லிற்று. சித்திரை மாதத்தில் என்ன குளிர் என்று நாம் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

எனக்கு வரும் கடிதத்தை வேற்று ஆண் ஒருவர் படிக்கிறார் என்று நீ கூசுகிறாய். அதனால் ஒன்று செய். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் தோலில் போடும் குறி தெரியும், உனக்கும் சின்ன வயதில் தெரியும். நல்ல தோலுக்கு வட்டம். பழுதுக்குப் பெருக்கல் குறி. கடிதத்தின் அடியில் ஏதாவது ஒன்று போடு. எத்தனை வருஷமோ அத்தனை கோடு.

இனி என் பழுதைச் சொல்கிறேன். குரல் முன் மாதிரி இருக்கிறது என்று எழுதியது பொய். பாலாறு, முதலாளி திட்டு, எல்லாம் பொய். புற்றின் ஒரு இழை குரல் நரம்பைச் சுற்றியிருந்ததாம், பிரிக்க முடியவில்லை. எனக்கு இப்போது குரல் இல்லை, வெறும் காற்றுதான் வருகிறது. இந்தக் கடிதத்தைக்கூட சாயபுவின் காதருகே வாயை வைத்துத்தான் சொல்கிறேன். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று மறைத்தேன். நீ எதற்காகக் கேட்கிறாய் என்று தெரிந்திருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.

சரட்டை நான் நீட்டவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன். கழுத்துதான் அதன் அளவுக்கு வர வேண்டும்.

தனகோடி
(கைநாட்டு)


சாம்பியன் ரீப்
8-10-1933

அண்ணாவுக்கு வந்தனம். இங்கே மழை விட்டுவிட்டது. அவர் சுகமாக இருக்கிறார். ராகி நன்றாக விளைந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

அமிர்தவள்ளி

(அடியில் கரியால் போட்ட ஒரு பெருக்கல் குறி. அதன் பக்கத்தில் இரண்டு கோடு.)


ஆம்பூர்
13-10-1933

தங்கச்சி அமிர்தவள்ளிக்கு ஜியாவுல்லா சலாம் சொல்லி எழுதுவது. இது உன் அண்ணன் சொல்லி எழுதும் கடிதம் இல்லை. நானாக எழுதுகிறேன், அவருக்குத் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக் குறியின்மேல் கட்டை விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "இன்னா சாயபு, ராகி நல்லா வெளஞ்சிருக்காம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இருபத்தெட்டு வருஷமாக உன் அண்ணன் தரம் சொல்ல நான் எழுதியிருக்கிறேன். அந்தக் குறிகளைப் பெயர்த்து எழுதித்தான் என் பிள்ளைகள் சோறு தின்றார்கள். குறிக்கு அர்த்தத்தையும் என் கையாலேயே எழுதவைத்துவிட்டு, எனக்கு அது புரியாது என்று அண்ணனும் தங்கையும் நினைத்தீர்களே! நான் இதில் கோபப்பட ஒன்றுமில்லை, சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தங்கச்சி, வேலூரில் பெண்களுக்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. பார்க்கிறவரும் பெண் டாக்டர்தான். என் வீட்டுக்காரி ஹலீமா பீ அங்கேதான் வயிற்றுக் கட்டிக்கு இருந்தாள். நீ வந்தால் உன் கூட இருந்து பார்த்துக்கொள்வதாக அவளே சொல்கிறாள். உன் சங்கதியை அவளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் எதையும் நேராக எழுது. என் கண் படிக்கும், வாய் அண்ணனிடம் சொல்லும், அதோடு சரி.

ஜியாவுல்லா


சாம்பியன் ரீப்
29-10-1933

அண்ணாவுக்கும், அண்ணாவைப் போன்ற சாயபு அவர்களுக்கும் வந்தனம். ஹலீமா பீ அக்காவுக்கு என் அன்பு.

அண்ணா, உங்கள்மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. குரல் போகவில்லை என்ற உங்கள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, வேலூர் போய்விடலாம் என்று ஆவணி மாதமே துணி எடுத்து மடித்து வைத்தேன். மனதுக்குள் ஏதோ உறுத்தியதால்தான் இரண்டாம் தரமும் கேட்டேன்.

நேராக எழுதுகிறேன். இரண்டு வருஷமாக இருக்கிறது. எலுமிச்சம்பழம் அளவு. ராத்திரி இருமல். புற்று என்றால் செத்துப்போவோம் என்ற பயம் எனக்கு அவ்வளவு இல்லை. குரல் போய்விடும் என்பதுதான் பயம்.

குழாயடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பது அடி. அவர் குளித்துவிட்டு வரும்போது நான் வாசலில் நின்று, "இப்டி வா, கல்லு இருக்கு, இப்டி வா" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் என் குரலைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு வந்து சேருவார். சோறு எங்கே, வந்தது யார், மழை வருமா, எல்லாம் என் வாய்தான். எனக்கு வாய் இல்லாவிட்டால் அவருக்கு இரண்டாம் தரம் கண் போகும். கழலை இருக்கட்டும், குரலும் இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.

நான் என்ன செய்ய, சொல்லுங்கள்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
5-11-1933

அமிர்தத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம். உன் கோபம் நியாயம். அதை வைத்துக்கொள்.

போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். என் ஒரு நாளைச் சொல்கிறேன், நீயே தடவிப் பார்த்துத் தரம் போட்டுக்கொள்.

விடிந்ததும் மல்லாந்து கிடக்கிறேன். அது தெரிந்ததும் முதல் சந்தோஷம். மருமகள் களி கிண்டித் தருகிறாள், தலையைத் திருப்பாமல் விழுங்குகிறேன். விரல் நுனி சில நாள் மரத்துப்போகிறது. கை சில நேரம் கோணிக்கொள்கிறது. முன்பு இல்லாத குளிர், முன்பு இல்லாத அசதி. இதையெல்லாம் ஒளிக்கவில்லை. கடைத்தெருவில் நான் புளி கேட்டாலும் ரகசியம் சொல்வது மாதிரி இருக்கிறது, கடைக்காரர் எழுந்து வந்து காதைக் கொடுக்கிறார். கத்திய காலத்தில் எனக்கு இவ்வளவு மரியாதை இல்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். தரம் கூவ வாய் இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை? பிறகு ஒரு தடியை எடுத்துப் பலகையில் தட்டினேன். முதல் தரத்துக்கு ஒரு தட்டு, இரண்டாம் தரத்துக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. சாயபு தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே போனார், ஏதோ எப்போதும் அப்படித்தான் என்பது போல. அன்று அந்த மனுஷனை மனதுக்குள் கும்பிட்டேன். (இதை எழுத மாட்டேன் என்கிறார். எழுதினால்தான் மேலே சொல்வேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.) வேலையாட்கள், "பெருசுக்கு வாய் போனதும் திட்டு கம்மி. ஆனா தடி பெரிய பேஜார்" என்கிறார்கள்.

நீ மாப்பிள்ளையிடம் சொல். அவருக்குத் தெரியாமல் அவருக்காகவே முடிவு செய்கிறாயே, அது என் பொய்யைவிடப் பெரிய பொய். சொல்லிவிட்டு, ஒரு நாள் வாயைத் திறக்காமல் வளையலால் கதவைத் தட்டிப் பார். வருகிறாரா பார்க்கலாம்.

தனகோடி
(கைநாட்டு)


சாம்பியன் ரீப்
20-1-1934

அண்ணாவுக்கு அமிர்தம் கும்பிட்டு எழுதுவது. நேற்று வேலூரிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். ஒரு மாதம் கூடவே இருந்துவிட்டு, இப்போது நீங்கள் அங்கே, நான் இங்கே என்பது என்னவோ போல் இருக்கிறது.

உங்களிடம் சொல்லாமல் விட்ட கதை ஒன்று. கார்த்திகையில் அவரிடம் சொன்னபோது அவர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "போன வருசத்துல இருந்து உன் குரல்ல ஒரு கரகரப்பு. எனக்குக் கண்ணுதாண்டி இல்ல" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது அண்ணா! நான் சொல்லட்டும் என்று அவர் இருந்திருக்கிறார், அவர் கேட்கக்கூடாது என்று நான் இருந்திருக்கிறேன். மறுநாளிலிருந்து வளையல் தட்டிப் பழகினோம். முதல் நாள் நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். எட்டாம் நாள் பிசகில்லாமல் வந்தார். அன்றுதான் கிளம்பத் துணிந்தேன்.

பெண் டாக்டர் எனக்கும் புற்றுதான், ஆனால் வேரோடு வந்துவிட்டது என்று சொன்னதை நீங்களே கேட்டீர்கள். குரல் பாதிதான் வருகிறது, உடைந்த பானை மாதிரி. நேற்று வாசலில் நின்று, "இப்டி வா" என்றேன். அவர் நின்றுவிட்டார். "யாரும்மா நீ? என் பொண்டாட்டி வர்ற நேரம், பார்த்தா வம்பு, போய்டு" என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. சிரிக்கும்போது தையல் இழுத்தது, ஆனாலும் நன்றாக இருந்தது.

ஹலீமா பீ அக்கா இருபத்திரண்டு நாள் என் தலைமாட்டில் இருந்தாள். தொழுகை நேரம் தவிர நகரவில்லை. அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அவள் கையை என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "சும்மா இரு, தையல் பிரியும்" என்று அதட்டினாள்.

இன்று காலை நீங்கள் திருப்பித் தந்த சரட்டைக் கட்டிக்கொண்டேன். முப்பத்தொன்பது மணி. இரண்டு விரல் போகிறது.

இனி என் முறை. பொங்கல் கழிந்ததும் நீங்கள் டாக்டரிடம் கழுத்தைக் காட்டிவிட்டு என் வார்டுக்கு வந்தீர்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தீர்கள். கோட்டை அகழியில் தண்ணீர் நிறைந்திருப்பதைப் பற்றி வெகு நேரம் சொன்னீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று சொல்லவே இல்லை. நேராகச் சொல்லுங்கள். விரல் எங்கேயாவது நின்றதா?

அமிர்தவள்ளி


ஆம்பூர்
4-2-1934

அமிர்தத்துக்கும் மாப்பிள்ளைக்கும் அண்ணன் ஆசீர்வாதம்.

நின்றது. இடது பக்கம், காதுக்குக் கீழே. ஒரு இடம்தான், மிளகு அளவு. டாக்டர் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து, "நான் செய்ற வேலையும் இதுதாங்க தொர, நீங்க மறைக்காதீங்க" என்றேன். கம்பவுண்டர் அதை இங்கிலீஷில் சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்துகொண்டார். உடனே கத்தி வேண்டாம், பங்குனியில் பார்க்கலாம் என்றார். போகும்போது கை கொடுத்தார். தோல் தடவிக் காய்த்த கை என்று அவர் தயங்கவில்லை.

சாயபு இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறார். தடியால் தட்டினேன். எழுதுகிறார்.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பழைய பொய் மாதிரி ஆகிவிடும். வருத்தம் இருக்கிறது. ஆனால் கணக்காகப் பார்த்தால், அன்று கத்தி படாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த எட்டு மாதம் இல்லை. எட்டு மாதமாக மல்லாந்து தூங்கினேன். களி தின்றேன். அம்மாவிடம் கேட்காமல் விட்டதை உன்னிடம் கேட்டேன். உன் கழுத்தில் இரண்டு விரல் போகிறது. ஜாஸ்திதான் அளந்திருக்கிறார்.

பங்குனியில் மாப்பிள்ளையோடு வந்து சேர். தோல் ஷாப்பு வாசலில் நின்று, "அண்ணா" என்று கூப்பிடு. பாதிக் குரல் போதும். நான் உள்ளே இருந்து பலகையில் தட்டுகிறேன்.

ஒரே ஒரு தட்டு. அது என்ன தரம் என்று உனக்குத் தெரியும்.

தனகோடி
(கைநாட்டு)